நான் வைத்த பெயர்



பள்ளி விடுமுறை வந்தால் பேரப்பிள்ளைகள் வந்திறங்கி வீட்டை இரண்டாக்குவது உங்கள் வீட்டிலும் நடப்பதுதான். சென்ற விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேத்தி வந்தபோது, துணிப்பையைவிடக் கனமான ஒரு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம் படிக்கும் பெண். புத்தகத்தின் அட்டையில் ஒரு டிராகன் இருந்தது.

"என்னம்மா இது, அம்மிக்கல்லா?" என்று கேட்டேன்.

"கதைப் புத்தகம் தாத்தா. மந்திரவாதி கதை."

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்தவன் நான். 1972-ல் வேலைக்குச் சேர்ந்து, தலைமையாசிரியராகி, 2008-ல் ஓய்வு பெற்றேன். வாய்ப்பாடும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தே பழகிய வாய் சும்மா இருக்குமா? "மந்திரம் படிக்கிற நேரத்தில் நாலு கணக்குப் போடலாமே" என்றேன்.

அவள் விடவில்லை. "இதுவும் ஒரு தலைமையாசிரியர் கதைதான் தாத்தா. மந்திரப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர். டிராகன்கூட பேசுவாரு. நீங்க படிச்சா உங்களுக்குப் பிடிக்கும்."

எனக்குப் பிடித்தது என்பது உண்மை. ஆனால் அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கடலும் தீவுகளும்

இந்தக் கதையை எழுதியவர் அர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1929-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தந்தை ஆல்பிரட் குரோபர் மானிடவியல் அறிஞர். அமெரிக்கச் செவ்விந்தியர்களின் மொழிகளையும் வாழ்க்கையையும் ஆராய்ந்தவர். தாய் தியோடோரா குரோபரும் எழுத்தாளர். பலவகை மனிதர்களின் கதைகள் பேசப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் அவர் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

1968-ல் இந்த வரிசையின் முதல் நூல் வெளிவந்தது. 1971-லும் 1972-லும் அடுத்த இரண்டு நூல்கள். பிறகு பதினெட்டு ஆண்டுகள் இடைவெளி விட்டு, 1990-ல் நான்காவது. 2001-ல் மேலும் இரண்டு. அம்மையார் 2018 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டில்தான் எல்லாக் கதைகளையும் சேர்த்துப் படங்களோடு ஒரே பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். என் பேத்தி தூக்கிவந்த அம்மிக்கல் அதுதான்.

கதை நடக்கும் உலகத்துக்குப் பெயர் எர்த்சீ. மண்ணும் கடலும் சேர்ந்த பெயர். நூற்றுக்கணக்கான தீவுகள், தீவுக்குத் தீவு வழக்கம் வேறு, பேச்சு வேறு, போக்குவரத்தெல்லாம் படகில். நம்முடைய இந்தப் பக்கத்துக் கடலையும் தீவுகளையும் வரைபடத்தில் பார்த்துப் பழகிய நமக்கு அந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது.

அந்தத் தீவுகளின் நடுவில் ரோக் என்று ஒரு தீவு. அங்கேதான் மந்திரப் பள்ளி இருக்கிறது. ஒன்பது ஆசிரியர்கள். ஒருவர் காற்றை ஆளக் கற்றுக்கொடுப்பார், ஒருவர் மூலிகை, ஒருவர் பழம்பாடல்கள், ஒருவர் கண்கட்டு வித்தை, ஒருவர் உருமாற்றம். வாசலைக் காப்பவரும் ஓர் ஆசிரியர்தான். எல்லாருக்கும் மேலே தலைமை மந்திரவாதி.

டிராகன் என்றதும் சீனப் பெருநாளில் தாளத்தோடு தெருவில் ஆடிவரும் டிராகன் உங்கள் நினைவுக்கு வரும். அது நல்ல சகுனம், மழையும் செழிப்பும் கொண்டுவருவது. மேல்நாட்டுக் கதைகளில் வருவது வேறு வகை. நெருப்பைக் கக்கும், பொன்னைக் குவித்து அதன்மேல் படுத்துக்கிடக்கும், வீரன் ஒருவன் வந்து கொல்லும்வரை ஊரைப் பாடாய்ப்படுத்தும். லெ குவின் அம்மையாரின் டிராகன்கள் இரண்டிலும் சேராதவை. அவை கொடியவையும்கூட. ஆனால் மிகப் பழமையானவை, அறிவுடையவை. உலகம் படைக்கப்பட்டபோது இருந்த ஆதிமொழிதான் அவற்றின் தாய்மொழி. மந்திரவாதிகள் பாடுபட்டுக் கற்கும் மொழியை அவை பிறந்தது முதலே பேசுகின்றன.

அந்த மொழியில்தான் மந்திரத்தின் இரகசியமும் இருக்கிறது. கல்லுக்கும் மரத்துக்கும் மீனுக்கும் மனிதனுக்கும் அதில் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அந்தப் பெயர் தெரிந்தவனுக்கு அந்தப் பொருளின்மேல் அதிகாரம் உண்டு. ஆகையால் எர்த்சீயில் யாரும் தம் உண்மைப் பெயரை வெளியில் சொல்வதில்லை. ஊருக்கு ஒரு கூப்பிடும் பெயர். உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டும் உண்மைப் பெயர்.

'பெயர்' என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு மேய்த்த பையன்

கதாநாயகன் ஒரு மலைத்தீவில் வெண்கலக் கொல்லனுக்குப் பிறந்தவன். கைக்குழந்தையிலேயே தாயை இழந்தவன். ஆடு மேய்ப்பவன். தாயின் சகோதரி சொன்ன ஒரு மந்திரச் சொல்லை ஒட்டுக்கேட்டு ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் எல்லாம் ஓடிவந்து அவனை நெருக்கிக்கொள்கின்றன, விலக்கவே முடியவில்லை. பையன் அலறிவிட்டான். அங்கே தொடங்குகிறது அவன் படிப்பு.

அவன் கூப்பிடும் பெயர் ஒரு சிறு வேட்டைப் பறவையின் பெயர். நம் தமிழில் வல்லூறு என்று வைத்துக்கொள்ளலாம். உண்மைப் பெயர் கெட். பதின்மூன்றாம் வயதில் ஓகியான் என்ற பெரியவர் அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறார். ஓகியான் அதிகம் பேசாதவர். மழையை நிறுத்தத் தெரிந்தும் மழையில் நனைந்துகொண்டே நடப்பவர். பொறுமையில்லாத பையனுக்கு அவரிடம் இருக்கப் பிடிக்கவில்லை. பெரிய பள்ளிக்குப் போகிறேன் என்று ரோக் தீவுக்குக் கப்பலேறிவிட்டான்.

பள்ளி வாசலில் நிற்கிறான். கதவு திறந்துதான் இருக்கிறது. எத்தனை முறை காலெடுத்து வைத்தாலும் வெளியிலேயே நிற்கிறான். வாசல் காப்பவரிடம் தன் உண்மைப் பெயரைச் சொன்ன பிறகுதான் உள்ளே போக முடிகிறது. மாணவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. தனிமையான கோபுரம் ஒன்றில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டும். பட்டியல் பட்டியலாகப் பெயர்கள். நள்ளிரவில் தாளிலிருக்கும் எழுத்து மறைந்துவிடும். அதற்குள் படித்து முடித்தாக வேண்டும். "பாத்தீங்களா தாத்தா, உங்க சொல்வதெழுதுதலைவிட மோசம்" என்றாள் பேத்தி.

நாங்கள் படித்த முறையையும் சொல்லிவிடுகிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் வாசிப்பாள். புரியாத இடத்தில் நான் தமிழில் விளக்குவேன். எனக்குப் புரியாத இடத்தில் அவள் விளக்குவாள். இரண்டாவது வகைதான் அதிகம்.

மூன்றாம் நாள் இரவு ஓர் இடத்தில் நிறுத்தினாள். "தாத்தா, இவன் வெள்ளைக்காரன் இல்லை. நம்ம நிறம்!"

ஆமாம் வாசகர்களே. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உயிர்த்தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. அந்த உலகில் பெரும்பாலானவர்கள் மாநிறமும் கறுப்புமே. முதல் கதையில் ஊரைக் கொள்ளையடிக்க வரும் முரடர்கள் வெள்ளை நிறத்தவர்கள். அம்மையார் இதை வேண்டுமென்றே செய்தார். மாயக் கதை என்றால் நாயகன் வெள்ளையாகத்தான் இருக்கவேண்டுமா என்பது அவர் கேள்வி. அப்படியிருந்தும் பல பதிப்பாளர்கள் அட்டைப் படத்தில் அவனை வெளுக்க வைத்தார்கள். 2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக எடுத்தபோதும் வெள்ளைக்கார நடிகரையே கெட்டாகப் போட்டார்கள். அம்மையார் சும்மா இருக்கவில்லை. என் கதையை வெள்ளையடித்துவிட்டீர்கள் என்ற பொருளில் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார்.

என் பேத்தி கறுப்பான பெண். அழகான பெண். உறவினர் வீட்டு விசேஷங்களில் "பிள்ளை நல்ல பிள்ளை, கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அவள் முகம் அப்போது எப்படியாகும் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை வாசித்தாள். எனக்கு மனம் நிறைந்தது. அதே சமயம் உள்ளே எங்கோ ஒரு முள்ளும் குத்தியது. என்ன முள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதே சரி.

நிழல்

பள்ளியில் ஜாஸ்பர் என்று ஒரு பணக்கார வீட்டு மாணவன். நாகரிகமாகப் பேசுவான், பேச்சில் குத்தல் இருக்கும். ஆடு மேய்த்த பையனுக்கு அது பொறுக்கவில்லை. ஓர் இரவு, போட்டியில், எல்லார் முன்னாலும் இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விடுகிறான். அழைக்கிறான். காற்றில் ஒரு கிழிசல் விழுகிறது. அதன் வழியாகக் கரிய நிழல் ஒன்று பாய்ந்து வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது.

அந்தக் கிழிசலை மூடுவதற்குத் தலைமை மந்திரவாதியாக இருந்த முதியவர் தம் வலிமை முழுவதையும் செலவழித்தார், உயிரையும் விட்டார். ஒரு மாணவனின் ஆணவத்துக்குத் தலைமையாசிரியர் கொடுத்த விலை. பையன் பிழைத்தான். முகத்தில் வடு நிலைத்தது. நிழல் அவனைத் தேடி உலகத்தில் அலையத் தொடங்கியது.

படிப்பு முடிந்ததும் சிறு தீவு ஒன்றுக்கு மந்திரவாதியாகப் போகிறான். பக்கத்துத் தீவில் டிராகன்கள் பெருகிவிட்டதால் மீனவ மக்கள் அஞ்சி நடுங்குகிறார்கள். கெட் தனியாகப் படகில் போய்க் கிழட்டு டிராகனின் எதிரில் நிற்கிறான். பள்ளியில் படித்த பழங்கதைகளிலிருந்து அதன் பெயரை ஊகித்து வைத்திருக்கிறான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அத்தனை பெரிய மிருகம் அடங்கி நிற்கிறது.

டிராகன் தந்திரசாலி. "உன்னைத் துரத்தும் நிழலின் பெயரை நான் சொல்கிறேன், என்னை விட்டுவிடு" என்று பேரம் பேசுகிறது. அவன் உயிருக்கு அதுதான் மருந்து. ஆனாலும் அவன் அதைக் கேட்கவில்லை. ஏழை மீனவர்களின் தீவுகள் பக்கம் இனி வரமாட்டேன் என்று டிராகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். வந்த வேலை அதுவல்லவா!

நிழலோ துரத்திக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பழைய குரு ஓகியானிடம் ஓடுகிறான். ஓடினால் அது துரத்தும். திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் குரு. அப்படியே செய்கிறான். தோழன் வெட்சோடு படகேறி, கிழக்கே தீவுகளெல்லாம் முடிந்த பிறகும் போய், உலகத்தின் விளிம்பில் அந்த நிழலைச் சந்திக்கிறான்.

அதற்குப் பெயர் இல்லை என்று பெரிய பெரிய மந்திரவாதிகளெல்லாம் சொல்லியிருந்தார்கள். கெட் அதை நேருக்கு நேர் பார்த்துத் தன் சொந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறான். அதுவும் அவனை அதே பெயரால் அழைக்கிறது. இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

பேத்தி வாசித்துவிட்டு, "அப்படின்னா அந்த நிழல் அவனேதானா தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன். "ஏன் தாத்தா?" என்றாள். ஐம்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் இரண்டு பெயர்

1974-ஆம் ஆண்டு. பேராக்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. நான் இளம் ஆசிரியன், ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள். இருவரின் அப்பாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள். இருவரின் வீடும் ஒரே லயத்தில். வருகையெடுக்கும்போது பெயரைச் சொன்னால் இரண்டு குரல் வரும். ஒருநாள் எரிச்சலில், "கறுப்பு எங்கே? வெள்ளை எங்கே?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளும் அப்படியே கூப்பிட்டேன், வேலை சுலபமாயிற்று.

'வெள்ளை' ஒரு மாதத்தில் மறைந்துபோயிற்று. 'கறுப்பு' மறையவில்லை. திடலில் கறுப்பு. லயத்தில் கறுப்பு. மண்டோர்கூட அவன் அப்பாவைக் "கறுப்பனோட அப்பன்" என்று கூப்பிட ஆரம்பித்தார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. வருகைக்கு "இருக்கிறேன் ஐயா" என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தவன், கையை மட்டும் தூக்கத் தொடங்கினான். கணக்கில் கெட்டிக்காரன். ஆறாம் வகுப்பு முடித்து டவுன் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போனான். இரண்டாம் மாதமே நின்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் கஷ்டம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் அது புதிதல்லவே!

பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண விருந்தில் அவரைப் பார்த்தேன். சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறார் என்றார்கள். பக்கத்திலிருந்தவர், "நம்ம கறுப்பு! சார்தானே பேரு வச்சது!" என்று முதுகில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் கண் சிரிக்கவில்லை. நான் அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

எர்த்சீ கதையின் இரண்டாம் நூலில் டெனார் என்று ஒரு சிறுமி. இருட்டுத் தெய்வங்களின் கோயிலுக்குப் பூசாரியாக்க அவளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவருகிறார்கள். முதல் வேலையாக அவள் பெயரைப் பறிக்கிறார்கள். 'விழுங்கப்பட்டவள்' என்று பொருள்படும் பெயரை வைக்கிறார்கள். அவளும் தன் பெயரை மறந்தே போகிறாள். பின்னாளில் அந்தச் சுரங்க இருட்டில் சிக்கிக்கொள்ளும் கெட், அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அவளை அழைக்கிறான். அதன் பிறகுதான் அவளுக்கு வெளியேறும் துணிவு வருகிறது. அவனை அந்த இருட்டிலிருந்து வழிகாட்டி வெளியே அழைத்துவருபவளும் அவள்தான்.

அந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மந்திரப் பள்ளி ஆசிரியர்கள் பெயரைக் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் என் வகுப்பில் பெயரைப் பறித்திருக்கிறேன்.

அதிகாரம் போன பிறகு

மூன்றாம் நூலில் கெட் நடுவயது கடந்தவன். ரோக் பள்ளியின் தலைமை மந்திரவாதி. டிராகன் தலைவன் என்ற பட்டமும் உண்டு. டிராகனை அடக்கி ஆள்பவன் என்று அதற்குப் பொருளில்லை. எவனை உடனே தின்றுவிடாமல் டிராகன் பேச்சுக்கு மதிக்கிறதோ, அவனுக்குத்தான் அந்தப் பட்டம்.

நாடெங்கும் மந்திரம் செத்துக்கொண்டிருக்கிறது. பாடகர்கள் பாட்டை மறக்கிறார்கள். நெசவாளர்கள் தொழிலை மறக்கிறார்கள். டிராகன்கள்கூடப் பேச்சை இழக்கின்றன. சாகாமல் வாழலாம் என்று ஒரு தீயவன் ஆசைகாட்டியிருக்கிறான். மக்கள் அதற்காகத் தங்கள் உண்மைப் பெயரையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தலைமை மந்திரவாதி பள்ளியில் உட்கார்ந்து ஆணையிடவில்லை. ஆரன் என்ற இளவரசனை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு தானே படகேறுகிறான். சாவின் நாடுவரை போய், அந்தத் தீயவன் திறந்துவைத்த வாசலை அடைக்கிறான். அதற்குத் தன் மந்திர சக்தி முழுவதும் செலவாகிவிடுகிறது. ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. பெரிய டிராகன் ஒன்று இருவரையும் சுமந்துகொண்டு ரோக் தீவுக்கு வருகிறது. அங்கே எல்லார் முன்னிலையிலும் அந்த இளைஞன் முன் மண்டியிட்டு வணங்கிவிட்டு, கெட் மறுபடியும் டிராகன் மேலேறிச் சொந்தத் தீவுக்குப் போய்விடுகிறான். பள்ளி வேலை முடிந்தது.

1990-ல் வந்த நான்காம் நூல் அங்கிருந்து தொடங்குகிறது. அது என் கதை போலவே இருந்தது. அதிகாரம் போன மனிதன் வெட்கப்படுகிறான். அவனைத் தேடி அரண்மனை ஆட்கள் வரும்போது மலைக்குப் போய் ஒளிந்துகொள்கிறான். பழையபடி ஆடு மேய்க்கிறான். பிறகு, நடுவயது விதவையாக இருக்கும் டெனாரின் பண்ணை வீட்டில் சாதாரண மனிதனாக வாழக் கற்றுக்கொள்கிறான். ஓய்வு பெற்ற மறுநாள் காலை பள்ளிக்கூட மணி கேட்கும்போது எழுந்து நின்றவர்களுக்கு அது புரியும்.

இந்த இடத்தில் அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதல் நூல்களில் ரோக் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லை. பேத்தி முதல் நாளே கோபித்துக்கொண்டாள். அம்மையாரும் பின்னால் அதைத் தன் குறையாக உணர்ந்தார். பிற்கால நூல்களில் அந்தப் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், பிறகு அவர்களை ஒதுக்கினார்கள் என்று எழுதிச் சரிசெய்தார். 'எழுதியது எழுதியதுதான்' என்று அவர் இருந்துவிடவில்லை. தான் கட்டிய பள்ளியின் கதவைத் தானே திறந்தார். அறுபதையும் எழுபதையும் கடந்த வயதில் ஒரு பெரிய எழுத்தாளர் தம் தவறைத் திருத்த முடியுமென்றால், எழுபது தாண்டிய ஒரு வாத்தியாருக்கு மட்டும் என்ன கௌரவக் குறைச்சல்?

"அவரைப் பார்த்துப் பேசுங்களேன் தாத்தா" என்றாள் பேத்தி.

ஒரு சனிக்கிழமை

கல்யாண வீட்டாரிடம் முகவரி வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை பேத்தியோடு போனேன். வாசலில் லாரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

நான் அவர் பெயரைச் சொன்னேன். பதிவேட்டில் நான் என் கையால் எழுதிய, அவருடைய பெற்றோர் வைத்த பெயரை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு என் வாயிலிருந்து அது வந்தது. "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். ஒரு மன்னிப்புக் கேட்கணும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே அழைத்து உட்காரவைத்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "அதெல்லாம் ஒன்னுமில்ல சார்" என்று அவர் சொல்லிவிடுவார் என்று மனத்தின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"டவுன் ஸ்கூல்ல முதல் நாள் சார். மலாய்க்காரப் பையன், சீனப் பையன் எல்லாம் இருந்தாங்க. நம்ம தோட்டத்துப் பையன் ஒருத்தன் என்னை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதுக்கு அர்த்தம் என்னான்னு கேட்டாங்க. சொல்லிக்கொடுத்துட்டான். ரெண்டு மாசம் தாக்குப்பிடிச்சேன். அப்புறம் போகலை. வீட்ல காசு இல்லைன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் நிழல் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவருடைய மனைவி தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தார். "பசியாறுங்க சார்" என்றார் அவர். பிறகு என் பேத்தியின் பக்கம் திரும்பி, "உன் பேர் என்னாம்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதைத் தெளிவாக ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, "நல்ல பேரு" என்றார். அவ்வளவுதான். நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறுபடியும் வாருங்கள் என்று சொன்னார்.

வாசகர்களே, அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அவருடையது. நான் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டேன், மறுமுறை எடுக்கமாட்டேன்.

மாயக் கதை பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ணியிருந்தேன். டிராகனோடு பேசியவன் ஒருவன், தான் செய்த தவறின் எதிரில் நின்று 'இது நான்தான்' என்று சொன்ன பிறகே ஒரு பள்ளிக்குத் தலைவனாகும் தகுதி பெற்றான். அதை நான் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் படித்திருக்கவேண்டும். பிந்திப் படித்தேன். படித்தேனே என்பது ஓர் ஆறுதல்.

உங்கள் வீட்டிலும் உங்கள் லயத்திலும் உங்கள் வேலையிடத்திலும் கறுப்பு, குட்டை, குண்டு, திக்குவாய் என்று யாராவது இருப்பார்கள். விளையாட்டாக யாரோ வைத்தது. ஒருவேளை நீங்களே வைத்தது. அவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருநாள் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள்.